புள்ளிக்குப் பதிலா ஒரு பொட்டு

இலங்கையின்ர வடக்கில, முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பக்கம் ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருக்கு, பெயர் கண்ணகி எண்டு தொடங்கும். அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை, நாங்கள் போட் எண்டு சொல்லுறது, செய்து குடுத்தது நான்தான். ஓடர் எல்லாம் ஃபோனிலதான். அந்தக் கடை அம்மா வட்ஸப்பில ஒரு வொய்ஸ் அனுப்பினா, பெயர் சொன்னா, அளவு 3 அடிக்கு 1 அடி எண்டா, வெள்ளையில கறுப்பு எழுத்து எண்டா. நான் கிளிநொச்சியில கரடிப்போக்குப் பக்கம் இருக்கிற என்ர கடையில இருந்து ரைப் பண்ணி, மிசினில ஸ்ரிக்கர் எழுத்தா வெட்டி, போட்டில ஒட்டி, பேப்பர் சுத்தி அந்தப் பக்கம் போற பஸ்ஸில ஏத்தி விட்டன். பின்னேரம் அவா ஃபோன் எடுத்து "நல்லா இருக்கு தம்பி, சந்தோசம்" எண்டா. அதோட அந்த வேலை முடிஞ்சுது எண்டு நான் மறந்திட்டன். இது 2022 மார்கழியில.

அடுத்த வைகாசி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகேக்க வெயில் தாங்கேலாமல் சோடா குடிக்க ஒரு கடையில நிப்பாட்டினன். குடிச்சுக்கொண்டு மேல பாத்தா என்ர போட். நாங்கள் செய்த வேலையை வழியில கண்டா ஒரு சந்தோசம் வருமெல்லே, அப்பிடித்தான் பாத்துக்கொண்டு நிண்டன். ஆனா கடைசி ஸ் இன்ர புள்ளி மட்டும் சிவப்பு. நான் சிவப்பு போடேல்லையே எண்டு கிட்டப் போய்ப் பாத்தன். அது பொட்டு. கடையில அட்டையில தொங்குமே, ஒட்டுப்பொட்டு, அதில ஒண்டை எடுத்துச் சரியா புள்ளி இருக்க வேண்டிய இடத்தில ஒட்டி வச்சிருக்கிறா. என்ர புள்ளி விழுந்து போச்சு. எப்ப விழுந்தது, பஸ்ஸிலயா, பேப்பரைப் பிரிக்கேக்கயா, தெரியேல்லை. அவா எனக்குச் சொல்லவே இல்லை. நானும் அண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை, சோடாக் காசைக் குடுத்திட்டு மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்திட்டன். அவாக்கு என்னைத் தெரியாது, முகத்தைக் கண்டதில்லையே. ரெண்டு மாசத்தால முல்லைத்தீவுக்கு ஒரு அலுவலாப் போகேக்க திரும்பப் பாத்தன், பொட்டு மாறியிருந்தது. முந்தினதை விடக் கொஞ்சம் பெரிசு. அப்ப பழையது விழுந்து புதுசு ஒட்டியிருக்கிறா.

அந்தப் பொட்டு என்னை நித்திரை கொள்ள விடேல்லை எண்டு சொன்னா சில பேருக்கு இது என்ன பெரிய விசயம் எண்டு இருக்கும். எனக்கு அது பெரிய விசயம்தான். ஏன் அவா சொல்லேல்லை எண்டு யோசிச்சன். சொன்னா நான் என்ன சொல்லியிருப்பன்? "கொண்டு வாங்கோ அம்மா, ஒட்டித் தாறன்" எண்டிருப்பன். போட்டைக் கழட்டி, பஸ்ஸில தூக்கிக்கொண்டு புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம், பரந்தன் எல்லாம் தாண்டி கிளிநொச்சிக்கு வந்து திரும்பிப் போக ஒரு முழு நாள், கடையைப் பூட்ட வேணும், ஒரு நாள் யாவாரம் போச்சு. ஒரு புள்ளிக்கு. அதை விடப் பொட்டு லேசு. அதாவது தூரம் இருந்தா சனம் பிழையோட வாழப் பழகிக்கொள்ளும், முறைப்பாடு கூடச் சொல்லாது. எங்கட இந்த வன்னிப் பக்கம் எல்லாமே அப்பிடித்தான், ஆசுப்பத்திரியில இருந்து அடையாள அட்டை வரைக்கும் எது வேணும் எண்டாலும் நாங்கள் அங்க போக வேணும், அது எங்களிட்ட வராது. என்ர தொழிலும் அந்தப் பட்டியலில ஒண்டா இருக்கு எண்டதைத்தான் என்னால தாங்கேலாமல் இருந்தது.

எங்கட சனத்துக்குப் பெயர்ப்பலகை எண்டா என்ன எண்டு உங்களுக்கும் தெரியும். சண்டை முடிஞ்சு 2010 இல திரும்பி வந்த நேரம் தறப்பாள் கொட்டிலில கடை போட்டவை கூட ஒரு தகரத் துண்டில பெயின்ரால பெயர் எழுதித் தொங்க விட்டவை, சுவர் எழும்ப முதல் பெயர் எழும்பினது. அந்த நேரம் தெருவில கூடக் கண்ட போட் எண்டா மிதிவெடிச் சிவப்புப் போட்தான். அதுக்குப் பக்கத்தில ஒரு கடைப் பெயரை வாசிக்கேக்க வந்த தெம்பை நான் மறக்கேல்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

புள்ளி ஏன் விழுந்தது

முதல் வேலையா என்ர பெரிய மிசினில திரும்ப அதே எழுத்தை வெட்டிப் பாத்தன். ஸ்ரிக்கர் வெட்டுற கத்தி பேனை மாதிரி நேராக் குத்துறதில்லை, ஒரு சின்ன இழுவைக் கத்தி அது, முனை நடு அச்சில இருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும், சாதாரண 45 பாகைக் கத்திக்கு அந்தத் தள்ளல் 0.25 மில்லிமீற்றர் அளவில வரும். சூப்பர்மாக்கெற் வண்டில் சில்லு இழுக்கிற பக்கம் திரும்புமே, அப்பிடித்தான் கத்தியும் தானாத் திரும்பும். இந்தத் தள்ளல் அளவை மிசினுக்குச் சரியாக் குடுக்காட்டி, இல்லாட்டிக் கத்தி மழுங்கிப் போனா, பெரிய எழுத்தில ஒண்டும் தெரியாது, ஆனா சின்ன வட்டத்தில உடன தெரியும். தொடங்கின இடமும் முடிஞ்ச இடமும் சந்திக்காது, ஒரு மயிர் அளவு ஒட்டிக்கொண்டு நிக்கும். பிறகு சுத்தி இருக்கிற தேவையில்லாத பகுதியை உரிக்கேக்க அந்த மயிரைப் பிடிச்சுக்கொண்டு புள்ளியும் சேந்து எழும்பும். எழும்பாமல் தப்பினாலும் விளிம்பு தூக்கி நிக்கும், எழுத்தைப் போட்டுக்கு மாத்த மேல ஒட்டுற ட்ரான்ஸ்ஃபர் ரேப்பை எடுக்கேக்க அரைவாசி ஒட்டுப்படாமல் போகும், ஒரு தூசு பட்டாப் போதும், நாலு நாளில விழும். என்ர கத்தியைத் தொலைபேசிக் கமராவால பெரிசாக்கிப் பாத்தன், முனை உடைஞ்சிருந்தது. அந்தக் கத்தியோடதான் அவாட போட்டை வெட்டியிருக்கிறன்.

ஆங்கில எழுத்து வெட்டுறவனுக்கு ஐ இலயும் ஜே இலயும் மட்டும்தான் புள்ளி. எங்களுக்கு ஒரு கடைப் பெயரிலயே நாலு அஞ்சு வரும். அதுவும் எங்கட புள்ளி விழுந்தா எழுத்தே வேற எழுத்தாப் போகும். வெளிநாட்டுக்காரன் செய்த மிசினில ரெஸ்ற் கட் எண்டு ஒரு பட்டன் இருக்கு, சதுரமோ முக்கோணமோ வெட்டிக் காட்டும். நான் இப்ப அதை நம்புறதில்லை. என்ர ரெஸ்ற் எண்டா 4 மில்லிமீற்றர் புள்ளி 10, வரிசையா. பத்தும் பேப்பரில நிண்டு சுத்தி இருக்கிறது மட்டும் உரிஞ்சு வந்தாத்தான் வேலை தொடங்குவன். இந்தத் தொழிலில புதுசா இறங்கிற தம்பிமாருக்கு நான் சொல்லக் கூடிய ஒரே ஒரு விசயம் எண்டா இதுதான், மற்றதெல்லாம் தானா வரும். கத்தி ஆழமும் அப்பிடித்தான், ஸ்ரிக்கர் 0.06, 0.08 மில்லிமீற்றர் மொத்தம்தான், கீழ இருக்கிற பேப்பரில ஒரு கீறல் அடையாளம் மட்டும் விழ வேணும். பேப்பர் வெட்டுப்பட்டா அமத்தம் கூட, 80 இல இருந்து 100 கிராமுக்குள்ள வச்சுப் பாருங்கோ.

பெட்டி

புள்ளியைத் திருத்திப் பஸ்ஸில அனுப்பி விட்டிருக்கலாம். ஆனா அனுப்பினா அடுத்த முறையும் இதுதான் நடக்கும். மிசின் அங்க போகோணும் எண்டு முடிவெடுத்தன்.

கடையில நிக்கிற மிசின் 24 இஞ்சி, காலோட மேசை உயரம், அதை மோட்டச்சைக்கிளில ஏத்தேலாது. கொழும்பில ஒராள் பாவிச்சு வித்த 12 இஞ்சி மேசை மிசின் ஒண்டு வாங்கினன், வீட்டில கைவேலை செய்யிற ஆக்கள் வச்சிருக்கிற வகை. 12 இஞ்சி போதுமோ எண்டு எல்லாரும் கேட்டவை. யோசிச்சுப் பாத்தா கடைப் போட்டில எழுத்து 4, 6 இஞ்சி உயரம்தான், நீளம் எவ்வளவும் போகலாம், ரோல் ஓடிக்கொண்டே இருக்கும். 24 இஞ்சி ரோலை முதலே சரி பாதியா வெட்டிக்கொண்டு போனாச் சரி. ஓட்டோப் பின்பக்கம், லாண்ட்மாஸ்ரர் பெட்டி, பால் சேகரிக்கிற இடத்துப் போட், முல்லைத்தீவுக் கரையில ஃபைபர் வள்ளத்துப் பெயர், எல்லாத்துக்கும் இது காணும்.

பெட்டியை ப்ளைவூட்டில அடிச்சு உள்ளுக்குப் பழைய மெத்தைப் பஞ்சு ஒட்டினன். முதல் ஓட்டத்திலயே ஒண்டு படிச்சன், கிரவல் றோட்டில ஒட்டுசுட்டானில இருந்து நெடுங்கேணிப் பக்கம் போய் இறங்கிப் பாத்தா கத்தி பிடிக்கிற தலை தானா ஓடி ஓடி அடிபட்டிருக்கு. இப்ப கத்தியைக் கழட்டித் தனிச் சின்னப் போத்திலில, தலையைப் பஞ்சால இறுக்கி வச்சுத்தான் வெளிக்கிடுறன். ஸ்ரிக்கர் ரோலுக்கு நான் கண்டுபிடிச்சது மீன்காரர் வச்சிருக்கிற ரெஜிஃபோம் பெட்டி. ஐஸைக் கரைய விடாத பெட்டி ஸ்ரிக்கர்ப் பசையையும் இளக விடாது. மத்தியான வெயிலில சும்மா சீற்றில கட்டிக்கொண்டு போன ரோல் ஒண்டு பசை இளகிப் பேப்பரோட பிடிச்சு உரிக்கேலாமல் போனதுக்குப் பிறகுதான் இந்தப் புத்தி வந்தது. மற்றதெல்லாம் சின்னச் சாமான், ஒரு உருக்குக் கோல், கட்டர் கத்தி, உரிக்க ஊசி, சவர்க்காரத் தண்ணி போட்ட ஸ்பிறே போத்தில், தேய்க்கப் பழைய பாங்க் காட், ஸ்பிரிற், பழைய பருத்திச் சாரத் துணி.

கரண்ட்தான் என்னை யோசிக்க வச்சது. கடையில ப்ளக் குடுப்பினம்தானே எண்டு ஆக்கள் சொல்லுவினம், ஆனா 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை நான் மறக்கேல்லை. பெரிய மிசின் கடையில பிணம் மாதிரிக் கிடந்தது. பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்து மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டு தந்தவங்கள். அந்த நாளிலதான் ஒரு ஓட்டத்தில நாலு ஊர் வேலையை முடிக்கிற பழக்கமும் வந்தது. வயல் நடுவில இருக்கிற கொட்டிலிலயும் வேலை செய்யோணும் எண்டு நான் பிடிவாதமா இருந்தன். முதல் யூபிஎஸ்ஸில போடுற 12 வோல்ற் 7 ஆம்பியர் மணித்தியாலப் பற்றரியும் ஒரு இன்வேற்றரும் வச்சுப் பாத்தன். கணக்குப் பாருங்கோ, 84 வோற் மணித்தியாலம், ஈயப் பற்றரியில அரைவாசிக்கு மேல இழுத்தாப் பற்றரி செத்திடும், அப்ப 42. மிசினுக்கு 30 வோற், லப்ரொப்புக்கு 45 வோற். அரை மணித்தியாலம் கூட நிக்கேல்லை, இன்வேற்றர் தானும் கொஞ்சத்தைத் திண்டது, லப்ரொப் சாஜர் வேற வண்டு மாதிரி இரைஞ்சுது. மலிவு இன்வேற்றரின்ர அலை சீர் இல்லை, அதுதான். பிறகுதான் ஒரு மோட்டார் வைண்டிங் செய்யிற அண்ணை சொன்னார், "உன்ர மிசின் அடப்டர் 24 வோல்ற் டீசிதானே குடுக்குது, பிறகு ஏன் 12 ஐ 230 ஆக்கித் திரும்ப 24 ஆக்குறாய், நேர 24 க்கு ஏத்தன்" எண்டு. ஒரு சின்னப் பூஸ்ற் சேக்கிற் போட்டு 12 ஐ 24 ஆக்கினன், லப்ரொப்புக்கு 19 க்கு இன்னொண்டு. பற்றரியை லிதியம் இரும்பு பொஸ்பேற் வகைக்கு மாத்தினன், 12.8 வோல்ற், 20 ஆம்பியர் மணித்தியாலம், அதாவது 256 வோற் மணித்தியாலம், ஒரு கையால தூக்கலாம். இப்ப ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல யாரிட்டயும் ப்ளக் கேக்காமல் நிப்பன்.

அந்த முதல் நாள் இரவு முத்தத்தில பற்றரியில மிசின் ஓடேக்க எங்கட அப்பா பக்கத்தில கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்தார். 90 களில பற்றரிக்குத் தடை இருந்த காலம் சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி நான் பெடல் சுத்த அவர் டைனமோவில றேடியோ நியூஸ் கேட்டவர். அவர் ஒண்டும் சொல்லேல்லை, பற்றரியைத் தொட்டுப் பாத்து "சூடாகேல்லை" எண்டு மட்டும் சொன்னார்.

வெயிலைப் பற்றியும் சொல்லோணும். ஸ்ரிக்கர்க் கொம்பனிக்காரர் இத்தனை வருசம் நிக்கும் எண்டு எழுதுறது நிமிந்து நிக்கிற சுவருக்கும் ஐரோப்பாக் காலநிலைக்கும். வன்னி வெயிலுக்கு இல்லை. அதால நான் வருசக் கணக்குச் சொல்லி விக்கிறதில்லை. மத்தியானம் தகரத்தில கை வைக்கேலாது, அதில ஸ்ரிக்கரை வச்சாப் பட்ட இடத்திலயே பிடிச்சிடும், திருப்பி எடுக்கேலாது, காத்துக் குமிழ் முழுக்க. விடியக் காலமை இல்லாட்டி பின்னேரம் 4 மணிக்குப் பிறகு, வேம்போ பாலையோ நிழல் இருந்தா அதுக்குக் கீழ, சவர்க்காரத் தண்ணி அடிச்சு ஒட்டி, தண்ணியைத் தேய்ச்சு வெளியேத்தி, காயும் மட்டும் பொறுத்துத்தான் மேல் ரேப்பை எடுக்கோணும். மேல் ரேப்பைக் குத்தென மேல இழுக்காதேங்கோ, மடிச்சுப் போட்டோட படுக்க வச்சு மெதுவா இழுங்கோ, புள்ளி தப்பும். காத்தி மார்கழி மழையில பேப்பர் ஈரத்தை உறிஞ்சி ஸ்ரிக்கர் வளைஞ்சு எழும்பும், அந்த நேரம் ஓட்டத்தைக் குறைக்கிறது நல்லம். சிவப்புத் தூசு பெரிய எதிரி, மிசின்ர உருளைக்குள்ள போனா ரோல் வழுக்கிக் கோணலாப் போகும், ஒவ்வொரு வேலைக்கும் முதல் பல்லுத் தீட்டுற பிறஸ்ஸால உருளையைத் தட்டுறன்.

திரும்பிப் போன நாள்

புரட்டாதியில, மழைக்கு முதல், அந்தக் கடைக்குப் போனன். ஃபோன் எடுத்துச் சொல்லேல்லை. இறங்கி, "அம்மா, உங்கட போட் செய்தது நான்தான், அந்தப் புள்ளியை மாத்தித் தர வந்தனான்" எண்டன். அவா என்னைப் பாத்தா, போட்டைப் பாத்தா, "ஐயோ தம்பி, அதுக்காகவே இவ்வளவு தூரம்" எண்டு உள்ளுக்குப் போய் பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வந்தா. போட்டைக் கழட்டி வேம்புக்குக் கீழ வாங்கில வச்சுப் பாத்தா, கடைசிப் புள்ளி மட்டும் இல்லை, ண் இன்ர புள்ளியும் விளிம்பு தூக்கி நிக்குது. அப்ப முழுக்க உரிச்சுப் புதுசா ஒட்டுவம், காசு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு லப்ரொப்பைத் திறந்தன். அவா பக்கத்தில வந்து குனிஞ்சு ஸ்கிரீனைப் பாத்தா. கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு மெதுவா, "தம்பி, கோவியாதை, அது ஸ்ரோர்ஸ் எல்லே" எண்டா.

நான் எழுதியிருந்தது ஸ்டோர்ஸ். டகரம் போட்டு. அவா வொய்ஸில சொன்னதை நான் கேட்டு ரைப் பண்ணேக்க ஃபோன் கீபோட் காட்டினதை அப்பிடியே தட்டி விட்டிருக்கிறன். தமிழ்நாட்டில அப்பிடித்தான் எழுதுவினம், அது அவைக்குச் சரி. ஆனா எங்கட பக்கத்தில முந்தி இருந்த போட் எல்லாம் நினைச்சுப் பாருங்கோ, ஸ்ரோர்ஸ், ஸ்ரூடியோ, ரெக்ஸ்ரைல்ஸ், ரீ றூம், ரிக்கற். நான் சின்ன வயசில எழுத்துக் கூட்டி வாசிச்சதே அந்தப் போட்டுகளைத்தான். இந்தக் கட்டுரையிலயே நான் ஸ்ரிக்கர் எண்டும் மீற்றர் எண்டும்தான் எழுதிக்கொண்டு வாறன், முதல் நான் அப்பிடி எழுதேல்லை, அண்டைக்குப் பிறகுதான். அவா சொன்னா, "எங்கட அப்பு வச்சிருந்த கடைக்கும் இதே பெயர். பெயின்ரர் ஒராள் சைக்கிளில வந்து ரெண்டு நாள் எங்கட வீட்டில நிண்டு எழுதினவர், சாப்பாடும் எங்கட வீட்டிலதான். முதல் சோக்கால எழுதுவார், அப்பு றோட்டுக்கு அங்கால போய் நிண்டு வாசிப்பார், அது சரியில்லை இது சரியில்லை எண்டுவார், அவர் அழிச்சு அழிச்சு எழுதுவார். பிறகுதான் பெயின்ரைத் தொடுவார்." அந்தப் போட் எங்க எண்டு நான் கேக்கேல்லை. 2009 க்கு முதல் இருந்த சாமான் எங்க எண்டு வன்னியில ஒராளையும் கேக்கிறதில்லை.

நான் புள்ளிதான் என்ர பிழை எண்டு நாலு மாசம் பெட்டி அடிச்சு, பற்றரிக் கணக்குப் பாத்துக்கொண்டிருந்திருக்கிறன். புள்ளியை விடப் பெரிய பிழை அந்த எழுத்தில கிடந்தது, அவா அதையும் சொல்லாமல் ஒன்பது மாசம் அதுக்குக் கீழ இருந்து யாவாரம் செய்திருக்கிறா. புள்ளிக்குப் பொட்டு ஒட்டலாம், டகரத்துக்கு அவா என்னத்தை ஒட்டுறது? மற்றது, நான் புதுசா என்னவோ கண்டுபிடிச்ச மாதிரி நினைச்ச இந்தப் பெட்டியை அந்தப் பெயின்ரர் அண்ணை தூரிகையும் ரின்னுமா சைக்கிள் கரியரில முந்தியே கட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார். அவரிட்ட இருந்து என்னட்ட இல்லாதது அந்தச் சோக்கு. எழுதினதை நிண்டு வாசிச்சு, வேண்டாம் எண்டு சொல்ல ஒரு இடைவெளி. ஸ்ரிக்கரில அது இல்லை, வெட்டினா வெட்டினதுதான், அதோட ஸ்கிரீனைக் காட்டி ஓகேயா எண்டு கேட்டா சனம் மரியாதைக்கு ஓம் எண்டுதான் சொல்லும்.

அப்பதான் இது விளங்கினது. இந்த மிசின் எல்லாம் முந்திப் பேனையால படம் கீறின ப்ளொட்டரில இருந்து வந்ததுதான். கத்தியைக் கீழ விடு எண்டு சொல்ல, மிசினுக்குக் கட்டளை குடுக்கிற எச்பிஜிஎல் பாசையில இண்டைக்கும் இருக்கிற கட்டளை "பேனை கீழ்", தூக்குறதுக்கு "பேனை மேல்". கத்தி இருக்கிற ஓட்டையில பேனையை வச்சா மிசினுக்கு வித்தியாசமே தெரியாது, அது கீறும். அவாட கடையில சாமான் சுத்துற பிறவுண் பேப்பர் ஒரு முழு நீளம் வாங்கினன், கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில கிடந்த பேனையை ரேப் சுத்தித் தடிப்பாக்கிக் கத்தி இடத்தில இறுக்கினன், ஸ்ரோர்ஸ் எண்டு திருத்தி விட்டன். மிசின் பேப்பரில எழுத்தின்ர விளிம்பை மட்டும் கீறிக் குடுத்தது. அதைப் போட்டில ஒட்டி, போட்டைக் கடை வாசலில தூக்கிப் பிடிச்சன். அவா றோட்டைக் கடந்து அங்கால போய் நிண்டா. ரியூசன் முடிஞ்சு வந்த ரெண்டு பெட்டையள் சைக்கிளை நிப்பாட்டிச் சத்தமா வாசிச்சினம். பக்கத்து வீட்டு ஐயா வந்து ணகரம் ரெண்டும் நெருக்கமா இருக்கு எண்டார், அது உண்மைதான், நான் கவனிக்கேல்லை. கண்ணகிக்கும் ஸ்ரோர்ஸுக்கும் இடையில இன்னும் கொஞ்சம் இடம் விடச் சொன்னா அவா. திருத்தித் திரும்பக் கீறினன். மூண்டாவது பேப்பரில அவா றோட்டுக்கு அங்கால நிண்டு கையைக் காட்டினா. இப்ப எங்க போனாலும் பேப்பர்தான் முதல், பிறகுதான் கத்தி. நேரம் கூடப் போகுது, ஒரு நாளைக்கு நாலு வேலை செய்த இடத்தில மூண்டுதான் செய்யலாம். பரவாயில்லை.

வெட்டி முடிய உரிக்கிற வேலையை அவா தன்ரை எண்டு எடுத்துக்கொண்டா. ஊசியைப் பிடிச்ச பிடியிலயே தெரிஞ்சுது, பூ மாலை கட்டின கை. ண இன்ர சுழிக்குள்ள இருக்கிற சின்னத் துண்டுகளைக் கிழிக்காமல் ஒவ்வொண்டா எடுத்தா, நான் கி இன்ர கொக்கியைப் பாத்துக்கொண்டிருந்தன். அந்தக் கொக்கியும் ககரமும் பொன்ரில, அதாவது கொம்பியூட்டர் எழுத்துருவில, தனித்தனித் துண்டு, ஒண்டா இணைக்காமல் வெட்டினா நடுவால ஒரு கோடு போகும், அந்தப் பிழையையும் ஒரு காலம் நான் செய்திருக்கிறன். நாலு புள்ளியும் நிண்டுது. ஒட்டப் போகேக்க அவா, "கடைசிப் புள்ளியைச் சிவப்பிலயே விடுவமே தம்பி, பிள்ளையளுக்குப் பழகிட்டுது, சிவப்புப் பொட்டுக் கடை எண்டுதான் சொல்லுதுகள்" எண்டா. நான் சொன்னன், சிவப்பு இந்த வெயிலுக்கு முதல் மங்கும் அம்மா, கறுப்பு நிக்கிற மாதிரி நிக்காது எண்டு. "மங்கட்டும், மங்கினா மாத்துவம்" எண்டா. சிவப்புத் துண்டில ஒரு புள்ளி வெட்டினன், பிறகு யோசிச்சுப்போட்டு அதே அளவில இன்னும் ஆறு வெட்டி, பேப்பரோடயே அவாட்டக் குடுத்தன். உள்ளுக்குப் போய் அதை ஒட்டுப்பொட்டு அட்டை தொங்கிற ஆணியிலயே குத்தி விட்டா.